பிள்ளைகளிடம் யோசனை கேட்டால் மட்டும் போதுமா?

"காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டுக்கலாம், நல்லதுதானே!"

எங்கள் நகரத்தின் யூத் கமிஷனுக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று மகள் கேட்டபோது நானும் மனைவியும் சொன்ன பதில் இதுதான். வேறு எந்த உயர்ந்த எண்ணமும் எங்களுக்கு இல்லை. பரதநாட்டியம், ரோபாட்டிக்ஸ், தமிழ்ப் பள்ளி வரிசையில் இன்னொன்று. மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை 7 மணிக்கு சிட்டி ஹாலில் கொண்டுபோய் விடணும், 9 மணிக்குக் கூட்டிவரணும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு நடுத்தர நகரம். ஊர்ப் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இளையோர் ஆலோசனைக் குழு இந்தப் பகுதியில் பல ஊர்களில் உண்டு. யூத் கமிஷன், டீன் கவுன்சில் என்று பெயர்தான் மாறும். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழு என்ன செய்கிறது, அது சொல்வதை யார் கேட்கிறார்கள் என்று பெற்றோரான நாம் விசாரிப்பதில்லை. முதல் வருடம் முடியும்வரை நானும் விசாரிக்கவில்லை.

மேடை உண்டு, மைக் உண்டு

முதல் இரண்டு மாதம் காரிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் நல்ல மழை, குளிர். வேறு வழியில்லாமல் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

நகரமன்ற உறுப்பினர்கள் உட்காரும் அதே மேடை, அதே மைக். 9 பிள்ளைகள், ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப் பலகை. தலைவராக இருந்த பெண் பிள்ளைக்கு 17 வயதுதான் இருக்கும். வருகைப் பதிவு எடுத்தார். 5 பேருக்குக் குறைந்தால் கூட்டமே செல்லாது. ஒருவர் தீர்மானம் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, பிறகு விவாதம், வாக்கெடுப்பு. ஒரு ஓரத்தில் பூங்கா, பொழுதுபோக்குத் துறையின் ஊழியர் ஒருவர். பார்வையாளர் வரிசையில் என்னையும் சேர்த்து 4 பேர். நாலு பேருமே பெற்றோர்.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1953-ல் வந்த பிரவுன் சட்டம். அதைக் கொண்டுவந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். ஊராட்சி அமைப்புகள் பொதுமக்கள் முன்னிலையில்தான் கூடிப் பேச வேண்டும், வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும், அதில் இல்லாத விஷயத்தை விவாதித்து முடிவெடுக்கக் கூடாது. நகரமன்றம் முறைப்படி உருவாக்கிய ஆலோசனைக் குழுவுக்கும் இது பொருந்தும். அதாவது என் 15 வயது மகளுக்கும்.

அதனால் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. கமிஷன் பிள்ளைகள் 9 பேரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் அந்த ஊழியர் கலைக்கச் சொல்லிவிட்டார். "பெரும்பான்மை ஆளுங்க குழு விஷயத்தை வெளியில பேசினா அது ரகசியக் கூட்டம் மாதிரிப்பா. சட்டப்படி தப்பு" என்றாள் மகள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பள்ளியில் சிவிக்ஸ் பாடத்தில் படித்தபோது வராத மரியாதை, குரூப்பைக் கலைத்தபோது அவளுக்கு வந்துவிட்டது.

'நோ' கூடச் சொல்லல

அந்த வருடம் நவம்பரில் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு அருகில் ஒரு விபத்து. ஒன்பதாம் வகுப்புப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது கார் மோதிக் கால் முறிந்தது. பிழைத்துக்கொண்டான். அந்த இடத்தில் குறுக்குக் கோடு உண்டு, சிக்னல் கிடையாது. கோட்டை ஒட்டியே பெரிய பெரிய வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். கடக்கிற பிள்ளை ஓட்டுநருக்குத் தெரியாது, வருகிற வண்டி பிள்ளைக்குத் தெரியாது.

கமிஷன் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்தார்கள். பிப்ரவரியில் மூன்று நாள், காலை 7.45-லிருந்து 8.30 வரை அட்டையும் பேனாவுமாக நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை கார் நிற்காமல் போகிறது என்று எண்ணினார்கள். போட்டோ எடுத்தார்கள். மே மாதம் 12 பக்க அறிக்கை தயார். முக்கியக் கோரிக்கை, பட்டனை அழுத்தினால் மஞ்சள் விளக்கு மினுங்கும் கம்பம் ஒன்று.

நகரமன்றக் கூட்டத்தில் 5 நிமிடம் கொடுத்தார்கள். மகளும் இன்னொரு பையனும் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். மேயர் பாராட்டினார், உறுப்பினர்கள் கைதட்டினார்கள். சான்றிதழ், குரூப் போட்டோ. கூட்டக் குறிப்பில் ஒரே வரி: அறிக்கை பெற்றுக்கொள்ளப்பட்டது.

காரில் வரும்போது அவள் சொன்னாள்: "அப்பா, அவங்க 'நோ' கூடச் சொல்லல."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'யெஸ்' என்றால் சந்தோஷம். 'நோ' என்றால் ஏன் என்று கேட்கலாம். பணம் இல்லையா, சட்டம் இடம் தரவில்லையா, வேறு வழி இருக்கிறதா என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். கைதட்டிவிட்டால் அதற்கு மேல் என்ன கேட்பது?

நான் விருதுநகர் பக்கத்துக் கிராமத்தான். சின்ன வயதில் ஊர்க்கூட்டத்தில் எட்டிப் பார்த்தால், "பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கென்னடா வேல?" என்று விரட்டுவார்கள். இங்கே விரட்டவில்லை. மேடை போட்டு, மைக் கொடுத்து, போட்டோவும் எடுத்து அனுப்புகிறார்கள். கடைசியில் கிடைத்த பலன் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

பக்கத்து ஊரில் என்ன வழக்கம்?

அந்தக் கோடை விடுமுறையில் நானும் அவளும் மற்ற ஊர்களில் எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தோம். முதலில் படித்தது ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி.

அங்கே யூத் கமிஷன் நகரத்தின் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1995-ல் வாக்காளர்கள் ஓட்டுப்போட்டு உருவாக்கியது. 12 முதல் 23 வயது வரை 17 பேர். அந்த ஊர் நகரமன்றத்துக்கு மேற்பார்வையாளர் மன்றம் என்று பெயர். அதன் 11 உறுப்பினர்கள் ஆளுக்கு ஒருவரை நியமிக்கிறார்கள், மேயர் 6 பேரை. அந்த 6-ல் 5 இடம், போதிய பிரதிநிதித்துவம் இல்லாத சமூகங்களுக்கு.

இதைவிட முக்கியமான ஒரு விதி உண்டு. பிள்ளைகளையும் இளைஞர்களையும் முதன்மையாகப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் மன்றம் இறுதி முடிவு எடுப்பதற்கு முன், அதைக் கமிஷனுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கு 12 நாள் அவகாசம். அவசர விஷயங்களுக்கு மட்டும் விலக்கு. கமிஷன் சொன்னபடி மன்றம் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை, கோப்பு அவர்களைத் தேடி வரும்.

அந்த ஊர் கமிஷன் எல்லாவற்றிலும் ஜெயித்ததா என்றால், இல்லை. மியூனி பேருந்தில் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம் வேண்டும் என்று கமிஷனும் சமூக அமைப்புகளும் பல வருடம் கேட்டன. 2013-ல் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சோதனை முறையில் கிடைத்தது. 18 வயது வரை எல்லோருக்கும் என்று ஆனது 2021 ஆகஸ்டில். ஆரம்பத்தில் கேட்ட பிள்ளைகள் அதற்குள் வேலைக்கே போயிருப்பார்கள்.

நகரத் தேர்தலில் 16 வயதிலேயே ஓட்டு வேண்டும் என்ற கோரிக்கையும் கமிஷன் இளைஞர்கள் முன்னெடுத்ததுதான். 2016-லும் 2020-லும் பொது வாக்கெடுப்புக்குப் போனது. இரண்டு முறையும் தோற்றது. ஆனால் இரண்டாவது முறை 49 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. பக்கத்தில் பெர்க்லியிலும் ஓக்லாந்திலும் பள்ளி வாரியத் தேர்தலுக்கு மட்டும் அந்த உரிமை கிடைத்து, 2024 நவம்பரில் 16 வயதுப் பிள்ளைகள் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள்.

பாஸ்டன் வேறு வழியில் போனது. 2014-ல் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று 12 முதல் 25 வயதுள்ளவர்களையே ஓட்டுப்போட்டு முடிவு செய்யச் சொன்னது. 1,500 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள்.

காத்திருக்கும் கடமை, பதவியில் ஒதுக்கீடு, பணத்தில் பங்கு என்று ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒன்றை எழுத்தில் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊர் கொடுத்தது சான்றிதழ்.

நாங்கள் செய்த தப்பு

பழியை எல்லாம் நகரமன்றத்தின் மேல் போட முடியாது என்பதும் அந்தக் கோடையில்தான் புரிந்தது.

முதல் தப்பு நேரம். இங்கே நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. எங்கள் ஊரில் அந்த வருடத்துக்கான முன்னுரிமைகளை மன்றம் ஜனவரி, பிப்ரவரியிலேயே பேசி முடித்துவிடும். துறைகளின் கணக்கு வசந்த காலத்திலேயே தயாராகிவிடும். பிள்ளைகள் அறிக்கை கொடுத்தது மே மாதம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் உட்கார்ந்தால் யார் பரிமாறுவார்கள்? ஆனால் பந்தி எப்போது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இரண்டாவது, நினைவு. பதவி ஒரே வருடம். செப்டம்பரில் பாதிப் பேர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பொறுப்பாக இருந்த ஊழியரும் வேறு வேலைக்கு மாறிவிட்டார். புதியவருக்கு அந்த 12 பக்க அறிக்கை இருப்பதே தெரியாது. மகளின் கூகுள் டிரைவில் இருந்ததால் பிழைத்தது. பெரியவர்களுக்கு எதிர்ப்பெல்லாம் தேவையே இல்லை. சும்மா இருந்தால் போதும், பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த 9 பேரில் 6 பேர் என்னைப் போன்ற ஐ.டி. வேலைக்காரர்களின் பிள்ளைகள். இந்தியர், சீனர். மாலை 7 மணிக்குக் காரில் கொண்டுவந்து விட ஆள் இருக்கும் வீடுகள். அடிபட்ட பையனின் குடும்பம் அந்தச் சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு வேலை, வீட்டில் ஸ்பானிஷ். அங்கேயிருந்து கமிஷனில் ஒருவர்கூட இல்லை. தினமும் அந்தக் கோட்டைக் கடப்பவர்கள் அவர்கள்தான். அறிக்கை எழுதியது காரில் போகும் எங்கள் பிள்ளைகள்.

பட்டியலும் பதிலும்

இரண்டாம் வருடம் மகள் மறுபடி விண்ணப்பித்தாள். இந்த முறை "அப்ளிகேஷனுக்கு நல்லது" என்று நாங்கள் சொல்லவில்லை.

அக்டோபர் கூட்டத்தை அந்த அடுக்ககத்தின் பொது அறையில் வைத்தார்கள். நகர எல்லைக்குள்தான், முறைப்படி நிகழ்ச்சி நிரல் ஒட்டி. வகுப்புத் தோழி ஒருத்தி ஸ்பானிஷில் மொழிபெயர்த்தாள். சிட்டி ஹாலில் 4 பேரைப் பார்த்த இடத்தில், இங்கே நாற்காலி போதவில்லை. விளக்குக் கம்பத்தைவிட முதலில் கோட்டை மறைத்து நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரு பாட்டி சொன்னார். பிள்ளைகள் தேடியபோது, அதற்குப் புது மாநிலச் சட்டமே இருந்தது. குறுக்குக் கோட்டுக்கு வண்டி வரும் பக்கம் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. 2024-ல் எச்சரிக்கை மட்டும், 2025 ஜனவரியிலிருந்து அபராதம். பெரிய பணம் தேவையில்லை, சிவப்புப் பெயின்ட் போதும்.

டிசம்பரிலேயே பரிந்துரையைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பக்கப் பட்டியல். கடந்த மூன்று வருடத்தில் கமிஷன் என்னென்ன கேட்டது, எந்தத் துறை பதில் சொல்ல வேண்டும், பதில் வந்ததா என்று. கடைசிக் கட்டம் முழுக்கக் காலி.

ஜனவரியில் மன்றம் கூடிய அன்று மகள் கேட்டாள்: "நீங்களும் பேசலாம்லப்பா?"

"எனக்கு ஓட்டே கிடையாதேம்மா."

"ஓட்டு எதுக்கு? பொதுமக்கள் யார் வேணா பேசலாம். பேருகூடச் சொல்ல வேணாம். ஊழியர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயமே அதுதான்."

பத்து வருடத்துக்கு மேலாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன் நான். விசாவில் இருக்கும் நம்மில் பலருக்கு இருக்கும் பயம் எனக்கும் உண்டு. வரியைக் கட்டுவோம், வேலையைப் பார்ப்போம், நமக்கெதுக்கு வம்பு? சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2016-ல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டது அது. எங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லை. மகள் குடிமகள், ஆனால் வயது போதாது. எனக்கு வயது உண்டு, குடியுரிமை இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஓட்டு இல்லை.

ஆனாலும் 3 நிமிடம் உண்டு. எழுந்து போனேன். கை நடுங்கியது உண்மை. ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டேன். சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைகள் கேட்டதை எல்லாம் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. முடியும், முடியாது, ஏன் என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்க வேண்டாம்." எனக்குப் பிறகு அந்த அடுக்ககத்திலிருந்து 3 பேர் பேசினார்கள்.

என்ன நடந்தது? மார்ச்சில் கோட்டுக்கு முன்னால் 20 அடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். மினுங்கும் விளக்குக்கு இந்த வருடம் பணம் இல்லை, மூன்றாவது வருடத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம் என்று எழுத்தில் பதில் வந்தது. கமிஷனுக்குக் கட்டாயம் பதில் தரவேண்டும் என்று விதி கொண்டுவர மன்றம் சம்மதிக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பட்டியலுக்கு எழுத்தில் பதில் தருவதாக நகர நிர்வாகி ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நிர்வாகி வந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் கேள்விதான்.

குறைவுதான். ஆனால் இந்த முறை அவள் காரில், "பாதி 'நோ' சொல்லிட்டாங்கப்பா" என்று சொன்னபோது குரலில் சந்தோஷம் இருந்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

தமிழ்ச் சங்க விழாக்களில் உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பேசாமல் ஒரு மேடையும் முடியாது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் தந்த முறை. 35 வயதுக்குக் குறைந்தவருக்கும் இடமில்லை. அதையெல்லாம் அப்படியே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. நாம் குடத்தைப் பற்றியே பேசுகிறோம். கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இளையோர் குழு இருக்கலாம். டொராண்டோவோ, லண்டனோ, சிட்னியோ, பெயரும் விதியும் வேறாக இருக்கும். உங்கள் பிள்ளை அதில் சேர்ந்தால், "எப்படிம்மா இருந்துச்சு கூட்டம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "போன தடவை நீங்க சொன்னதுக்கு என்ன பதில் வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், எந்தத் துறை தர வேண்டும், பட்ஜெட் எப்போது, அதற்கு முன் யாரிடம் போக வேண்டும் என்று சேர்ந்து தேடுங்கள். முடிந்தால் ஒருநாள் காரை விட்டு இறங்கி உள்ளே போங்கள். பின்வரிசையில் நிறைய இடம் இருக்கும்.

இந்த வருடம் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கமிஷனில் இல்லை. அந்தப் பட்டியலை இப்போது பார்த்துக்கொள்வது அடுக்ககத்திலிருந்து வந்திருக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். அவளைக் கொண்டுவந்து விட வீட்டில் கார் இல்லை. வியாழக்கிழமை மாலையில் நான்தான் போய்க் கூட்டிவருகிறேன்.